எங்கள் அக்கா வைத்திருந்தது நல்ல சாமான்

எங்கள் அக்கா மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தோட்டத்து லொறிச் சாரதி. அம்மா கொழுந்தெடுத்தவர். மூத்தவர் அண்ணன். அக்காவுக்குப் பின் ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த கடைசிப் பிள்ளை நான். அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறையும் இந்தத் திதிக்கு வந்திருக்கும் உறவுகளும் நண்பர்களும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்காக இந்த நினைவு மலரை அச்சிட்டிருக்கிறோம். "அக்காவோட நல்ல குணத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். நல்ல குணத்தைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அது இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் அண்ணனிடம் காட்டவும் இல்லை. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நான் ஒருவனே பொறுப்பு.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பா ஓட்டிய லொறியின் கியர் பொக்ஸ் உடைந்தது. முழுப் பொக்ஸும் போகவில்லை. உள்ளே கியரோடு கியர் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு பித்தளை வளையம் தேய்ந்து போயிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற வளையம். அது மாத்தளையிலும் இல்லை, கண்டியிலும் இல்லை. கொழும்பிலிருந்து வரும் என்றார்கள். இரண்டு மாதம் வரவில்லை. லொறி நின்றால் சாரதிக்கு வேலை இல்லை என்று தோட்டத்துத் துரை அப்பாவை மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டும் வேலைக்கு அனுப்பினார். காக்கிச் சட்டை போட்டு ஸ்டியரிங் பிடித்த மனிதர், தன் கூட்டாளிகளின் பிள்ளைகள் பார்க்க, மண்வெட்டியோடு மலை ஏறினார். வளையம் வந்தது, லொறி ஓடியது, அப்பா மறுபடியும் சாரதியானார். ஆனால் பழைய நிமிர்வு அவரிடம் திரும்பவில்லை. அக்கா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை போதுமாக இருந்தது.

பதினோராம் ஆண்டில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் அக்காவுக்குக் கணக்கில் நல்ல பெறுபேறு. மேலே படிக்க வைக்க வீட்டில் வழி இல்லை. மாத்தளை டவுனில் ஒரு லொறி உதிரிப்பாகக் கடையில் பில் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். எழுதி முடித்த பில்லை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அக்கா மறக்கவில்லை. எந்த லொறிக்கு எந்த இலக்கம், எந்த வருடத்து மொடலில் எத்தனை பல், எது எதற்குப் பொருந்தும், எது பொருந்துவது போல் தெரிந்து பொருந்தாமல் போகும் என்று கொப்பி கொப்பியாக எழுதி வைத்தார். மூன்றாவது வருடம் கடைக்கு வரும் பாஸ்மார் முதலாளியைத் தாண்டிப் பில் மேசைக்கு வந்து கேட்கத் தொடங்கினார்கள். இங்கே மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பதினொரு வருடம் அங்கே வேலை செய்தார். பதினொரு வருடமும் அவரைப் பில் எழுதும் பிள்ளை என்றுதான் சொன்னார்கள்.

அண்ணன் கட்டாரிலிருந்து திரும்பி வந்து, தம்புள்ளையில், கண்டி வீதியோரம், மரக்கறிச் சந்தைக்குக் கிட்ட ஒரு கடை எடுத்தார். பணம் அண்ணனுடையது. அறிவு அக்காவுடையது. எடுபிடி வேலை என்னுடையது. பெயர்ப்பலகை எழுத வந்தவரிடம் அண்ணன் தன் பெயரைச் சொல்லி "சகோதரர்கள்" என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினார். அக்கா எந்தக் கணக்கில் சகோதரர் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கியர் பொக்ஸ் சாமான் வைப்பது சும்மா காரியமல்ல என்பதை இம்மலரைப் படிக்கும் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும். ஓயில், பில்டர், பிரேக் ஷூ எல்லாம் தினமும் போகும். யாரும் வைத்திருப்பார்கள். கியர் பொக்ஸுக்குள்ளே இருக்கும் சாமான் அப்படியல்ல. ஒரு தண்டு இரண்டு வருடம் தட்டில் கிடக்கும். மூன்றாவது வருடம் ஒரு காலையில் அதைத் தேடி ஒருவர் அநுராதபுரத்திலிருந்து வருவார். அவருடைய லொறி ஏற்றிய மூட்டையோடு நடு வீதியில் நின்றிருக்கும். அண்ணன் அதைத் தூங்குகிற சாமான் என்பார்.

"இவ்வளவு சாமான் தூங்குது. யாருக்கு வாங்கிப் போட்டு வச்சிருக்க?"

"ஓடுற லொறிக்கு வேண்டியது எல்லாக் கடையிலயும் இருக்கு அண்ணே. நின்னு போன லொறிக்கு வேண்டியத யாராவது வச்சிருக்கணுமில்ல?"

தூங்கிய சாமான்தான் எங்கள் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது. கெக்கிராவை, ஹபரணை, நாவுல என்று பல இடங்களிலிருந்தும் பாஸ்மார் வந்தார்கள். பழைய சாமானைக் கொண்டு வராதவருக்கு அக்கா புதியதைக் கொடுக்க மாட்டார். "பழசக் கொண்டாங்க" என்பார். கொண்டு வந்ததைத் துணியால் துடைத்துப் பல்லை எண்ணுவார், தேய்ந்த பக்கத்தைப் பார்ப்பார். "இதை மட்டும் மாத்தினா பத்து நாள்ல திரும்பி வருவீங்க, பக்கத்துல இருக்கிறதும் போயிருக்கு" என்பார். பெயாரிங் என்றால் பெட்டியை நம்ப மாட்டார். வெளியே எடுத்துக் காதோரம் வைத்துச் சுழற்றிக் கேட்பார். வளையத்தில் பொறித்த எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். நல்லதில் எழுத்து அசையாது. அந்தச் சோதனையை நான் ஆயிரம் தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கும் அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. இரண்டு மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் எலுமிச்சம்பழத்துக்கும் போகவில்லை. கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள் என்று சொன்னவர்களும், மறைக்காமல் தேநீர்த் தட்டை நீட்டியதைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் இன்று பந்தியில் இருப்பார்கள். யாரையும் பெயர் சொல்லவில்லை.

நாட்டில் டொலர் இல்லாமல் போய்ச் சாமான் வருவது நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். டீசல் வரிசையில் லொறிகள் நாள் கணக்கில் நின்றன. ஓடியவையும் உடைந்தால் போட சாமான் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் தட்டுகளில் கிடந்த தூங்குகிற சாமான்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் தட்டுகள் காலியாகிக்கொண்டே வந்தன. அப்போது அண்ணன் கொழும்புக்குப் போய் ஒரு பெட்டி நிறையப் பெயாரிங் வாங்கி வந்தார். நல்ல கம்பெனிப் பெட்டி, நல்ல கம்பெனிக் கடதாசி. அக்கா ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். எழுத்து தூளாக உதிர்ந்தது.

"அண்ணே, இது ஆகாது. திருப்பிக் குடுத்துருங்க."

"திருப்பி யாரு எடுப்பான்? சாமானே இல்லாத நேரத்துல இது கிடைச்சதே பெருசு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

"எதுவரைக்கும் ஓடும்? ஏத்தத்துல நின்னா பரவாயில்ல. எறக்கத்துல போனா?"

அண்ணன் வெளியே போனார். அக்கா அத்தனை பெயாரிங்கையும் அதனதன் சிறு பெட்டியோடு ஒரு சாக்கில் போட்டு வாயை இறுகக் கட்டி, பின் அறையில் தராசுக்குக் கீழே தள்ளி வைத்தார். அக்காவின் கட்டு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிடுவார். "இதத் தொடாத தம்பி" என்றார்.

நாங்கள் சைவம்தான். ஆனாலும் வஹகோட்டைப் புனித அந்தோனியார் கோயிலுக்குப் போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. தொலைந்ததைத் தேடித் தருகிற சாமி என்பார்கள். அந்த வருடத் திருவிழாவுக்கு அக்கா மெழுகுதிரியோடு போனார். கல்யாணத்துக்கோ நோய்க்கோ அல்ல. சாமான் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளப் போனார். கடையில் நான் தனியாக இருந்தேன்.

காலை பத்து மணிக்கு எங்களுக்கு நன்றாகப் பழகிய பாஸ் வந்தார். சிங்களவர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அக்காவை அக்கே என்பார். என்னை மல்லி, அதாவது தம்பி, என்பார். கியர் பொக்ஸின் அடியில் ஓடும் தண்டைத் தாங்குகிற பெயாரிங் ஒன்று, நசுங்கிப் போனது, அவர் கையில் இருந்தது.

"மல்லி, கலேவெல நானாட லொறி. தக்காளி ஏத்திட்டுச் சந்தைக்குள்ள நிக்கிது. இது இருக்கா?"

நானா என்று நாங்கள் சொல்வது கலேவெலவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் லொறிக்காரரை. தட்டைப் பார்த்தேன். இல்லை. அக்கா இருந்திருந்தால் "இல்ல" என்று சொல்லி, எந்த ஊரில் எந்தக் கடையில் கேட்கலாம் என்று போன் பண்ணிக் கொடுத்திருப்பார். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "சாக்குல இருக்கில்ல, குடுத்து விடு" என்றார். அண்ணன் சொன்னதால் கொடுத்தேன் என்று எழுத மாட்டேன். அண்ணன் சொல்லாவிட்டாலும் கொடுத்திருப்பேன். அக்கா இல்லாத நாளில் கடைக்கு வந்தவர் வெறுங்கையோடு போகக்கூடாது, நானும் கடைக்காரன்தான் என்று காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. பின் அறைக்குப் போய் முடிச்சை அவிழ்த்து ஒன்றை எடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தேன். சுரண்டிப் பார்க்கவில்லை. எழுத்து உதிரும் என்று தெரிந்ததால்தான் சுரண்டவில்லை.

பாஸ் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கேட கடைச் சாமான் தானே" என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார்.

அன்று பின்னேரம் அக்கா வஹகோட்டையிலிருந்து பிரசாதப் பாண் ரொட்டியோடு வந்தார். அதில் பாதியை என் மனைவிக்கு என்று கொடுத்தார். என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

ஒன்பதாவது நாள், கலேவெல நானா பூசணியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனார். பலகடுவ இறக்கத்தில் பெயாரிங் உடைந்தது. கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்தது. மறுபடி விழவில்லை. பாரம் தள்ளத் தள்ள பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனது. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அவர் பஸ்ஸில் மோதவும் இல்லை, பள்ளத்தில் விடவும் இல்லை. லொறியை மலைப் பக்கம் திருப்பி மண்ணில் முட்டினார். முன்பக்கம் உள்ளே நசுங்கியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நாற்பத்தோரு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். சொந்த லொறி. வேறு தொழில் தெரியாது.

ஐந்து நாள் கழித்துப் பாஸ் கடைக்கு வந்தார். கூடவே நானாவின் மனைவி வந்தார். கடையில் அண்ணன் இருந்தார், நான் இருந்தேன், சாமான் வாங்க வந்த மூன்று நான்கு பேர் நின்றார்கள். பாஸ் ஒரு துணி முடிச்சை அவிழ்த்து, உடைந்த பெயாரிங்கை மேசைமேல் வைத்தார்.

"அக்கே, இதப் பாருங்க."

அக்கா ஓயிலைத் துடைத்தார். வளையத்தின் ஒரு துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் நகத்தால் சுரண்டினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது நம்ம கடைச் சாமான்தான்" என்றார்.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நீ சும்மா இரு. எங்க வாங்கினாங்களோ, யாருக்குத் தெரியும்?"

"நம்ம சாமான் அண்ணே."

"நீங்க அன்னைக்கி இல்ல அக்கே" என்றார் பாஸ். "மல்லிதான் குடுத்தது."

"அவன் எடுத்துக் குடுத்தான். நல்லதோட இதக் கலந்து வச்சது நான்தான். அவனுக்கு வித்தியாசம் தெரியாது."

நானாவின் மனைவி முன்னால் வந்தார். முந்தானையைத் தலைக்கு மேல் சரிசெய்துகொண்டு கேட்டார்: "தெரிஞ்சேதான் வச்சிருந்தீங்களா?"

தெரியாது என்று அக்கா சொல்லியிருந்தால், அப்படியானால் யாருக்குத் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்கும்.

"ஆமா" என்றார் அக்கா.

"ஒங்கட கைய நம்பித்தான் அவர் எறக்கத்துல எறங்கினார்" என்றார் அந்தப் பெண். சத்தம் போடவில்லை. சாபம் விடவில்லை. படி இறங்கிப் போனார். பாஸ் உடைந்த துண்டுகளை எடுத்துக்கொள்ளாமலே அவர் பின்னால் போனார்.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னைப் பின் அறைக்குக் கூப்பிட்டார். தராசுக்குக் கீழே சாக்கு இருந்தது.

"தெரிஞ்சா குடுத்த?"

"இல்லக்கா. தட்டுல இருந்ததத்தான் எடுத்தேன்."

அக்கா சாக்கைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அதன் வாயில் இருந்தது அவருடைய முடிச்சு அல்ல. அவசரத்தில் நான் போட்ட ஒற்றை முடிச்சு, நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரி. போய்ச் சாப்பிடு" என்றார்.

அதன்பிறகு ஒருநாளும் அவர் என்னை அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் காலை அக்கா அந்தச் சாக்கைக் கடை வாசலுக்கு இழுத்து வந்து கொட்டினார். பெரிய சம்மட்டியை எடுத்து ஒவ்வொரு பெயாரிங்காக உடைத்தார். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் "காசு குடுத்து வாங்கினதுடி" என்று கத்தினார். அக்கா கடைசி ஒன்றையும் உடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். சம்மட்டியை வாங்கி நான் ஒரு அடியாவது அடித்திருக்கலாம்.

பொலிஸ் வந்து கேட்டுப் போனது. வழக்கு என்று ஒன்றும் வரவில்லை. பேச்சுத்தான் வந்தது. தம்புள்ளை முழுக்க, அங்கிருந்து மாத்தளைக்கு, மாத்தளையிலிருந்து நம் உறவுக்குள்ளே. அந்த அக்கா போலிச் சாமான் விற்று ஒரு மனிதனின் காலை வாங்கிவிட்டார் என்று சொன்னார்கள். பாஸ்மாரில் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். அண்ணன் அக்காவிடம், "ஒன் மூஞ்சியப் பார்த்தா ஆள் வரமாட்டான், நீ பின்னால ஸ்டோர்ல இரு" என்று சொல்லி முன் மேசையில் தான் உட்கார்ந்தார். போலியை வாங்கி வந்தவர் முன்னால், வேண்டாம் என்றவர் பின்னால். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில், அக்கா பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சொன்னார்: "பொம்பள கையில கடையக் குடுத்தா இப்பிடித்தான் முடியும்." அக்கா அவருடைய இலையில் பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். நான் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். குழந்தை பிறக்கட்டும் என்று இருந்தேன். குழந்தை பிறந்தது. குழந்தை நடந்தது. நர்சரிக்குப் போனது. நான் சொல்லவில்லை. நேரம் வரும் என்று காத்திருக்கிற கோழைக்கு நேரம் வருவதே இல்லை.

கடை பூட்டியிருக்கும் ஒவ்வொரு பௌர்ணமிப் போயா நாளும் அக்கா கலேவெலவுக்குப் பஸ் ஏறினார். முதல் இரண்டு தடவை அந்த வீட்டில் கதவு திறக்கவில்லை. மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். நானா முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். சாரத்தின் ஒரு பக்கம் தட்டையாக மடிந்து கிடந்தது. அக்கா நின்றபடியே பேசினார்.

"நானா, நீங்க கடைக்கு வந்து இருங்க. ஒங்க கையில வாங்கிப் பார்க்காம ஒரு பெயாரிங்கும் அந்தப் படியத் தாண்டாது. சம்பளம் என் பங்குல இருந்து."

நானா சாரத்தின் மடிப்பைத் தடவினார்.

"ஒங்கட கடப் படில ஏற எனக்குக் கால் இல்ல" என்றார்.

அக்கா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். அடுத்த போயாவுக்கு மறுபடியும் போனார். கண்டியில் செயற்கைக் கால் செய்யும் இடத்தில் வரிசையில் நின்று பதிந்து, அளவெடுக்கும் நாளுக்கு வான் வண்டி பிடித்துக் கொடுத்தார். நானா அந்தக் காலைப் போட்டுக்கொண்டார். அக்காவோடு ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. அக்கா அதை எதிர்பார்க்கவும் இல்லை. திட்டு வாங்கத்தான் போகிறார் என்று எனக்குத் தோன்றும். எனக்கு விழ வேண்டிய திட்டு.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அந்த மாதங்களில்தான் அண்ணன் கடையை மாற்றினார். இப்போது அங்கே டைல்ஸும் பாத்ரூம் சாமானும் விற்கிறார்கள். தட்டுகளில் இருந்த தண்டு, கியர், பித்தளை வளையம் எல்லாவற்றையும் ஒரே நாளில் லொறியில் ஏற்றிப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்தார். அக்காவின் கொப்பிகளும் அந்த லொறியில் போயின. சாமான்கள் போனதை அக்காவுக்குப் பாஸ்தான் சொன்னார். நான் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்:

"வளையமெல்லாம் போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

"அந்தப் பழைய ஆறு டொன் லொறிக்காரங்க இனி எங்க போவாங்க?"

அவ்வளவுதான் கேட்டார். கடையைப் பற்றி வேறு பேச்சு இல்லை.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வார்ட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவருக்குத் தண்ணீர் அளவாகத்தான் கொடுக்க வேண்டும். போத்தல் மூடியில் ஊற்றிக் கொடுப்பேன். அன்று எப்படியோ துணிவு வந்து, "அக்கா, அந்தச் சாக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார். "இப்ப எதுக்கு அது? தண்ணி குடு."

மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அது மன்னிப்பா, களைப்பா என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பு என்று எழுதிக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். ஐம்பது வயது நிறைய மூன்று மாதம் இருக்கையில், மறுநாள் விட்டு அதற்கு மறுநாள் காலையில் அக்கா போய்விட்டார்.

சாவு வீட்டில், பாவம், கடைசியில் ஒரு கெட்ட பெயரோடு போய்விட்டார் என்று சிலர் அனுதாபப்பட்டார்கள். இம்மலரின் முதல் பக்கத்தில் அண்ணன், அக்கா வாய்மையே உயிரெனக் கொண்டவர் என்று எழுதியிருக்கிறார். அது உண்மை. எந்த இடத்தில் அவர் உண்மை பேசவில்லை, யாருக்காகப் பேசவில்லை என்பதை இங்கே நான் எழுதிவிட்டேன். அக்கா ஒருநாளும் போலிச் சாமான் விற்றதில்லை. தெரிந்து விற்றவன் நான். இனி எங்காவது அந்தப் பேச்சு வந்தால் தயவுசெய்து என் பெயரைச் சொல்லுங்கள்.

நன்றி சொல்லும் கடமை இருக்கிறது. நோயின் காலம் முழுவதும், ஆஸ்பத்திரி நாள் தவறாமல், தன் வேலையைப் போட்டுவிட்டுத் தன் வான் வண்டியில் அக்காவை ஏற்றிச் சென்ற பாஸுக்கு நன்றி. அக்கா கலந்து வைத்தார் என்பதை அவர் நம்பவே இல்லையாம். அதை எனக்கு இப்போதுதான் சொன்னார். வார்ட்டில் அக்காவின் தலையைப் பின்னிவிட்ட தாதிப் பெண்ணுக்கு நன்றி. பாடை தூக்கிய நாவுல லொறிக்காரர்களுக்கும், மூன்று நாள் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, மைக் செட் கட்டிய அண்ணனுக்கும் நன்றி.

கலேவெல நானாவுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் இது அச்சுக்குப் போகுமுன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று போன மாதம் போனேன். முற்றத்தில் அதே கதிரையில் இருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, முடிச்சு, நான் சுரண்டிப் பார்க்காதது எல்லாவற்றையும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருடைய மனைவி வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானா தன் செயற்கைக் காலின் பட்டியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

"எத்தன போயாவுக்கு வந்திருப்பாங்க?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நோன்புக்குக்கூட வந்தாங்க" என்றார் அவர்.

நானா என் பக்கம் திரும்பினார்.

"அவங்க உசுரோட இருக்கக்குள்ள நீங்க இத வந்து சொல்லியிருந்தா, ஒரு நாளாவது உள்ளுக்கு வாங்க, இருங்க, டீ குடிங்கன்னு சொல்லியிருப்பேன். அத இனி நான் யாருக்கிட்ட சொல்ல?"

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தம்பி